கேட் தூணும் ஸ்போர்ட்ஸ் காரும்

"உன் கையில குடுத்தா ஒரே நாள்ல இடிச்சுடுவே" என்று சொல்லியே, தன் பழங்கால ஸ்போர்ட்ஸ் காரின் சாவியை மனைவியின் கண்ணில்கூடக் காட்டமாட்டார் அவர். அவர் வெளியூர் போன அன்று சாவியைத் தேடி எடுத்தாள். ரிவர்ஸ் எடுத்ததுமே கேட் தூணில் இடித்தாள். நேரே, நசுங்கல் எடுக்கும் டிங்கரிடம் ஓட்டிப் போனாள்.

"அண்ணே, சாயங்காலம் வந்துடுவாரு. அதுக்குள்ள பின்பக்கப் பேனலையே மாத்திடுங்க. இல்லேன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு!"

"மாத்திடலாம்மா. பேனல் ரெடியா இருக்கு."

"இந்தப் பழைய வண்டிக்கா? எப்படிண்ணே?"

டிங்கர் நசுங்கிய இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பெயிண்டோடு, பள்ளத்தை அடைக்கப் பூசியிருந்த பட்டியும் கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"போன மாசம் சார் ரிவர்ஸ்ல சுவத்துல இடிச்சுட்டாரு. அப்போதைக்குப் பட்டி வச்சுப் பூசினோம். பேனலுக்கும் சொல்லிவச்சாரு. உங்க காதுக்கு எட்டவே கூடாதுன்னாரு..."

அவள் முகத்தில் களை வந்தது.

"பேனல் உங்ககிட்டயே இருக்கட்டும்ணே. வண்டி இப்படியே போதும்."

மாலையில் அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்னங்க, வண்டிக்குப் பின்னால பட்டி பொலபொலன்னு கொட்டுதே... எங்கே இடிச்சீங்க?"