எல்லாருக்கும் ஒரே அளவு

"கண்ணை எங்கே வெச்சுக்கிட்டு வெட்டினே? இதுல ஒரு கோட்டாவது ஒருத்தருக்காவது பொருந்துதா பாரு!"

பாட்டு மாஸ்டர் போட்ட சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது. படியேறி வந்த குச்சி அப்படியே நின்றாள்.

குச்சி என்பது பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் தோழிகள் வைத்த பேர். அப்போது அவள் குச்சிதான், பொய்யில்லை. இப்போது மூன்றாம் வருஷம். போன வருஷத்திலிருந்து மனசு என்னவோ படுத்துவிட்டது. வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. படுக்கையும் பிஸ்கட்டுமாகக் கிடந்ததில் உடம்பு பெருத்துப் போனது. பேர் மட்டும் மெலிசாகவே இருந்தது. யாராவது "குச்சி!" என்று பாசமாகக் கூப்பிட்டால்கூடக் குத்திக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

மிஞ்சியிருந்தது பாட்டு ஒன்றுதான். ஒத்திகை என்றால் மட்டும் எழுந்து, தலை வாரி, வெளியே வருவாள். இன்று அதையும் விட்டுவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாள். விட்டால் மறுபடி அந்த அறையும் போர்வையும்தான். அது அவளுக்கும் தெரியும்.

காரணம், கோட்டு. ஆண்டு விழாவுக்குப் பாட்டுக் குழு முழுக்க ஒரே நிறத்தில் கோட்டுப் போட வேண்டும். மாஸ்டர் பெட்டியைத் திறந்து, "முப்பத்திரண்டு யாரு? முப்பத்தாறு யாரு?" என்று ஏலம் போடுகிற மாதிரி கூவிக் கூவித்தான் கொடுப்பார். தன் எண்ணை அத்தனை பேர் முன்னால் கூவினால்? அளவெடுத்த அன்றைக்கே தலைவலி என்று போர்வைக்குள் புகுந்துகொண்டவள் அவள்.

சரி, சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாச்சு!

ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இன்னொரு ஆள் புகலாம். கையோ எல்லாருக்கும் குட்டை. நெட்டையனுக்கு முழங்கையைத் தாண்டியதோடு நின்றுவிட்டது.

நடுவில், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கத்தரி நின்றாள். அதுவும் தோழிகள் வைத்த பேர்தான். உடை வடிவமைப்புப் படிக்கிறவள், விடுதியில் குச்சிக்குப் பக்கத்து அறை. ஒவ்வொரு முதுகாகத் துணியை இழுத்து மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"துணியை அடுக்கி வெச்சு ஒரேயடியா வெட்டினேன், மாஸ்டர். எல்லாம் ஒரே அளவாப் போச்சு. தப்பு என்மேலதான்."

"இவ்வளவு அகலத்துக்கு இத்தனை குட்டைக் கையோட எந்த ஊர்ல மனுஷங்க இருக்காங்க?"

அறையே சிரித்தது. குச்சியும் சேர்ந்து சிரித்தாள். நல்லா வேணும் இவளுக்கு!

கத்தரிமேல் அவளுக்கு ஒரு கோபம் இருந்தது. போன மாதம், ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வந்து, "குளிருதுடி, உன் ஸ்வெட்டரைக் கொடு" என்றாள். அம்மா அளவு பார்த்துப் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். அந்த ஒல்லி உடம்புக்கு அது கூடாரம். கேலி பண்ணத்தானே கேட்கிறாள் என்று தூக்கி எறியாத குறையாகக் கொடுத்தாள். மறுநாள் மடித்துக்கொண்டு வந்தவளிடம் பேசவும் இல்லை.

"குச்சி! வந்துட்டியா? இந்தா, நீயும் போட்டுக்கோ" என்று மாஸ்டர் ஒரு கோட்டை நீட்டினார்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். நான் இன்னிக்கு..."

"எதுவா இருந்தாலும் போட்டுக்கிட்டுச் சொல்லும்மா. நேரமாச்சு."

கோட்டு கைக்கு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் கையை நுழைத்தாள்.

தோள் உட்கார்ந்தது. முதல் பட்டன் மாட்டியது. மூச்சை இழுத்துப் பிடித்தாள். அடுத்ததும் மாட்டியது, கடைசியும் மாட்டியது. பயந்து பயந்து மூச்சை விட்டாள். பட்டன் அசையவில்லை.

கையைப் பார்த்தாள். கடையில் எதை வாங்கினாலும் ரெண்டு மடிப்பு மடித்துவிடுகிற கை அது. இன்றைக்கு மணிக்கட்டில் அளந்து வைத்த மாதிரி நின்றது.

"அடேயப்பா!" என்றான் நெட்டையன். "இவளுக்குன்னே தெச்ச மாதிரி இருக்கே! கொடுத்து வெச்சவ!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஒரு வருஷமாக ஒளிந்து நடந்தவள், எல்லார் கண்ணிலும் பொறாமையைப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் தன்னையும் பார்த்தாள். அழகாக இருந்தாள். நிஜமாகவே அழகாக இருந்தாள்.

மாஸ்டர் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒரு சுருக்கம் இல்லையே! இது எப்படி?"

"குருட்டு அதிர்ஷ்டம், மாஸ்டர்," என்றது ஊசி கவ்விய வாய்.

"நல்ல அதிர்ஷ்டம்! அடுத்த வருஷம் உனக்கு இந்த வேலை கிடையாது. ஞாபகம் வெச்சுக்கோ."

"சரிங்க, மாஸ்டர்."

குச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு யாரும் எந்த எண்ணையும் கூவவில்லை. எல்லாம் ஒரே அளவு. கூவ என்ன இருக்கிறது?

மறுபடி கையைப் பார்த்தாள். அந்த ஸ்வெட்டரின் கையும் சரியாக இந்த இடத்தில்தான் முடியும். கத்தரியைத் திரும்பிப் பார்த்தாள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

"என்னமோ சொல்லணும்னியே, என்ன?" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், இந்தக் கோட்டு தப்பா வெட்டினது இல்லை, இது..."

கத்தரி அவள் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"ஒண்ணுமில்லை, மாஸ்டர். பாடலாம்" என்றாள் குச்சி.

மாஸ்டர் நகர்ந்ததும், குச்சி கத்தரியின் காதோரம் கேட்டாள். "ஏய், அன்னிக்கு நிஜமாவே உனக்குக் குளிருச்சா?"

கத்தரி வாயிலிருந்த கடைசிக் குண்டூசியை எடுத்தாள்.

"அந்த வெயில்ல எவளுக்குடி குளிரும்? போ, போய் உன் இடத்துல நில்லு."