எலுமிச்சைத் தட்டு

தோ என்னும் உப்பேரியின் மேல் காலை பதினொரு மணி வெயில் தகரம்போல் மின்னுகிறது. பூசீக் என்ற ஊரின் கரையில், ஃபுல்க்ரானின் சிப்பிக் கடை வாசலில், ஒதீல் தன் தோட்டத்து பிக்புல் திராட்சையில் செய்த முதல் ஒயினைத் திறக்கிறாள். பச்சை ஓடிய வெளிர் மஞ்சள். ஊற்றியதும் கண்ணாடிக் குவளை வியர்க்கிறது. கோடை முழுக்க இந்தக் கடையில் ஒரே ஒரு வெள்ளை ஒயின்தான் உண்டு. அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறாள். ஒரு வாய் குடித்ததும் ஃபுல்க்ரானின் முகம் சுருங்குகிறது. “என்னம்மா இது, பல்லு கூசுது! போன வருஷம் வாங்கின ஒயினே தேவல போல.” “வெறும் வாயில குடிச்சா கூசத்தான் செய்யும், அண்ணே. உங்க சிப்பில ஒண்ணு திறங்க.” கத்தி முனை ஓட்டின் இடுக்கில் திரும்புகிறது, டக். சிப்பியின் மேல் பிழிய, பழக்கத்தில் அவர் கை எலுமிச்சைத் துண்டுக்குப் போகிறது. ஒதீல் தட்டை நகர்த்திவிடுகிறாள். “அந்த வேலைய என் ஒயின் பாத்துக்கும்.” அவர் சிப்பியைப் பச்சையாகவே உறிஞ்சி மென்று, நாக்கில் உப்பு இருக்கும்போதே குடிக்கிறார். உப்பு பட்டால் புளிப்பின் முனை மழுங்கும், அடியில் இருந்த பழவாசனை மேலே வரும். புளிப்பு பட்டால் சிப்பியின் இனிப்பு தெரியும். ஒதீல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கத்தியைத்தான் பார்க்கிறாள். அது இரண்டாவது சிப்பியைத் திறக்கிறது. கேட்காமலே மூன்றாவதையும். “திமிரு பிடிச்சவ,” என்று சொல்லி அவர் எலுமிச்சைத் தட்டை உள்ளே எடுத்துப் போகிறார். திரும்பும்போது கையில் சாக்பீஸ். வாசல் கரும்பலகையில் இருந்த போன வருஷத்து ஒயின்காரரின் பெயரை ஈரக் கையால் அழிக்கிறார். “ஒதீல்னு எழுதினா போதுமா, முழுப் பேரும் வேணுமா?”