விரியன் போகும்வரை

பாம்பை முதலில் கண்டது சயந்தினி.

"பிரதீ, காலை வைக்காதை. அப்பிடியே நில்லு."

பிரதீபன் தூக்கிய காலோடு நின்றான். மணல் முடிந்து புதர் தொடங்கும் இடத்தில், அவன் சப்பாத்துக்கு ஒரு முழம் முன்னால், விரியன் ஒன்று சுருண்டு கிடந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

சயந்தினியின் தாய் மரியநாயகிக்குப் பாம்பைவிட அந்த "நில்லு"தான் பயமாக இருந்தது.

பிள்ளைகள் இருவரும் இன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். சயந்தினியின் தகப்பன் குருசுமுத்துவுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது. கோயிலில் ஒரு அக்கா கொண்டுவந்த சம்பந்தம், பெடியனுக்கு ஹ்விடோவ்ரே என்ற ஊர், தன் தாய் றோஸோடு வருகிறான் என்று.

உண்மையில் அவர்கள் பழகத் தொடங்கி இரண்டு வருடம். தாய்மார் இருவருக்கும் தெரியும். குருசுமுத்துவிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. தம்பியின் மகள் தானே பார்த்துக் கட்டியபோது கல்யாணத்துக்கே போகாத மனிதர்.

காலையிலிருந்து இருவரும் நீங்கள், ஓம், அப்படியா என்று பவ்வியமாகக் கதைத்து நடந்ததைப் பார்த்து, மரியநாயகி சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வந்தாள்.

இங்கே வரச் சொன்னதும் குருசுமுத்துதான். வடமுனை ஊரான ஸ்காகனுக்குப் போகும் வழியில், காற்றோடு ஆண்டுதோறும் நகரும் மணல்மலை. டென்மார்க்கின் பாலைவனம் என்பார்கள். வீட்டுக்குள் தேத்தண்ணி குடித்து ஆளை அறிய ஏலாது, நடக்கவிட்டுப் பார்க்கவேணும் என்றிருந்தார்.

இப்போது அவர் கையில் ஒரு தடி.

சயந்தினி குறுக்கே போனாள். இது பாதுகாக்கப்பட்ட இடம், பாம்பையும் கொல்லக்கூடாது, அது போகும்வரை நாங்கள்தான் நிற்கவேண்டும் என்று தகப்பனின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

நின்றார்கள். பிரதீபன் கொக்குப்போல ஒற்றைக்காலில். மேலே வானம்பாடி ஒன்று விடாமல் பாடியது. விரியனுக்கு ஓர் அவசரமும் இல்லை. நாக்கை நீட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல அவிழ்ந்து புதருக்குள் இறங்கியது.

பிரதீபன் காலை ஊன்றினான். குருசுமுத்து தடியை எறிந்துவிட்டு முன்னே நடந்தார்.

மரியநாயகி பின்னாலேயே ஓடினாள். பயத்தில் வாய் தடுமாறிவிட்டது, டேனிஷில் எல்லாருக்கும் 'டூ' தானே, இங்கே பிறந்த பிள்ளைக்கு நீயும் நீங்களும் ஒன்றுதான் என்று மூச்சிரைக்க விளக்கினாள்.

கார் நிற்குமிடத்தில் டிக்கியைத் திறந்து, தான் வாங்கி வந்த ரோல்ஸ் பெட்டியை எடுத்தார். எல்லாரும் எடுத்தார்கள். பிரதீபனும் கை நீட்டினான்.

குருசுமுத்து பெட்டியைப் பின்னுக்கு இழுத்தார்.

"தம்பி, இது மீன். உமக்கு ஒத்துவராதெல்லே," என்றபடி, தனியாகச் சுற்றி வைத்திருந்த பொட்டலத்தை நீட்டினார். "இந்தாரும், கோழி."

மரியநாயகி திரும்பி, நீ சொன்னியோ என்பதுபோல மகளைப் பார்த்தாள்.

சயந்தினி மெல்ல, இல்லையென்று தலையசைத்தாள்.