மூன்று வாய்ச் சல்லடை

காதர் இஞ்சினுக்கு பெல்ட்டை மாட்டியதும் சித்தாள்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

இக்னேஷியஸின் சல்லடையை யாரும் அப்படி நின்று பார்த்ததில்லை.

பன்னிரண்டு வருஷமாக அடையாற்றங்கரையில், சாய்த்து வைத்த கம்பி வலைமேல் மண்வெட்டியால் வாரி எறிந்து ஜல்லி பிரிப்பவன் அவன். ஓவர்சியர் அவனை 'ஏய், சல்லடை' என்றுதான் கூப்பிடுவார். போன மாசம் வந்தவனை மட்டும் 'காதர்' என்கிறார்.

காதர் ஓட்டும் சல்லடை மிஷின், யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டது. ஸ்பிரிங்குகள்மேல் உட்கார்ந்த, சரிவான இரும்புப் பெட்டி. அதன் குறுக்கே ஒரு தண்டு; தண்டில் ஒரு பக்கம் மட்டும் எடை. தண்டு சுழன்றால் அந்த எடை பெட்டியை இழுத்து இழுத்து விடும், பெட்டி நடுங்கும், கல் துள்ளித் துள்ளிச் சரிவில் இறங்கும். மேலே அகலக் கண் வலை, கீழே பொடிக் கண் வலை. பெரிய ஜல்லி மேல் வாயில் வரும், சின்ன ஜல்லி நடு வாயில், மணல் அடி வாயில்.

இன்று ஓவர்சியர் முன்னால் பரீட்சை. சரியாகப் பிரித்தால் காதருக்கு வேலை நிரந்தரம், கைச்சல்லடை வேண்டாம். பிரிக்காவிட்டால் மிஷின் திரும்பிப் போகும், அதன் பின்னாலேயே காதரும்.

ஜும்மா தொழுகையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான் காதர். நெற்றியில் ஈரம் காயவில்லை. இஞ்சினைக் கிளப்பினான்.

அடி வாயில் மணல் கொட்டியது. மேல் வாயில் பெரிசும் சிறிசும் கலந்து உருண்டு வந்தன. நடு வாய் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது.

ஓவர்சியரின் முகம் இறுகியது.

இந்த ஒரு மாசத்தில் முதல்முறையாக இக்னேஷியஸுக்கு மூச்சு சீராக வந்தது.

காதர் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டான். வலைகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. சட்டத்தோடு அவற்றைக் கட்டியிருந்த கம்பி முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தான். அவன் வலது கைக்காரன், வலப்பக்கமாக முறுக்குவான். அநேகமாக எல்லாருமே அப்படித்தான்.

இவை இடப்பக்கமாக முறுக்கப்பட்டிருந்தன.

நிமிர்ந்தான். யாரையும் பார்க்கவில்லை.

"என் தப்புதான் சார். வலைய மாத்திக் கட்டிட்டேன். அரை மணி டைம் குடுங்க."

ஓவர்சியர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, காதர்."

அப்போதும் பெயர் சொல்லித்தான்.

காதர் நேராக இக்னேஷியஸிடம் வந்தான்.

"வாண்ணே, அவுக்கணும். கூட ஒரு கை புடி."

குறடு ஒன்றை நீட்டினான், இக்னேஷியஸின் இடது கைக்கு.