வெட்டிய மூன்று நிமிடம்

"என் பேச்சுல கத்தரி வைக்க இவர் யாரு ஃபாதர்?"

பேராசிரியர் கடிதத்தை மேசைமேல் வைத்தார். அறைந்தார் என்றே சொல்லலாம்.

அது ஒரு கிறிஸ்தவ வானொலி நிலையம். வியாழன்தோறும் காலையில் அரை மணி நேரம் அவருடைய நிகழ்ச்சி. விசுவாசத்தையும் இலக்கியத்தையும் கலந்து பதினைந்து நிமிடம் பேசுவார். மீதி நேரத்துக்குச் சாஸ்திரிய இசை. பதினோரு வருடமாக இதுதான் கணக்கு.

இன்று காலை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பன்னிரண்டாவது நிமிடமே பேச்சு முடிந்து வயலின் வந்துவிட்டது.

"விடுங்களேன், நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் மனைவி. அவர் விடவில்லை. கடிதம் எழுதினார். கிளம்பி வந்துவிட்டார்.

நிலைய இயக்குநரான பாதிரியார், எதிரே உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை.

"தப்பு என்னுதுதான் ஃபாதர். அந்த வயலின்னா எனக்கு உயிரு. முழுசாப் போடணும்னு ஆசைப்பட்டு சார் பேச்சைக் கொஞ்சம் குறைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க சார்."

"பாத்தீங்களா, வாயாலேயே ஒத்துக்கறார்! சங்கீத ஆசை இருந்தா வீட்டுல வச்சுக்கணும். ஒண்ணு இந்த நிலையத்துல அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"அவரை அனுப்பிடணும்ங்கறீங்களா?"

"இந்த மாசத்தோட."

"ரெண்டு பொண்ணு படிக்குதுங்க ஐயா அவருக்கு" என்றார் பாதிரியார். "இன்னைக்கு நீங்க பேசினதே மன்னிப்பைப் பத்தித்தானே?"

"ஆமா. அதுலதான் மூணு நிமிஷத்தைக் காணோமே!"

யாரும் சிரிக்கவில்லை.

"வெட்டினதை என்ன பண்ணீங்க?" என்று பேராசிரியர் ஒலிப்பதிவாளரிடம் திரும்பினார்.

"அழிச்சிட்டேன் சார்."

"பொய். முழுப் பதிவையும் ஆறு மாசம் வச்சிருக்கணும்னு இங்க விதி இருக்கு. அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான். போடுங்க. அப்படி என்ன உளறிட்டேன்னு ஃபாதரும் கேக்கட்டும்."

"வேண்டாம் சார்."

"போடுங்கன்னா போடுங்க!"

ஒலிப்பதிவாளர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மடிக்கணினி வந்தது.

பேராசிரியரின் குரல் கணீரென்று எழுந்தது. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு இருபது வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி கதை. ஒருநாள் அண்ணனின் கயிறு அறுகிறது. தம்பி, தன் கயிற்றை அவிழ்த்து அண்ணன் வாளியில் கட்டிவிட்டுப் போகிறான்.

கேட்கக் கேட்கப் பேராசிரியருக்கே நெஞ்சு நிறைந்தது.

"இதைப் போய் வெட்ட எப்படிங்க மனசு வந்துச்சு?"

"இதை வெட்டலை சார்."

ஒலிப்பதிவாளரின் கை நிறுத்தப் போனது. பேராசிரியர் தடுத்தார்.

பதிவில் அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதே கணீர்க் குரல்:

"அன்பானவர்களே, ஒரு கதை சொல்கிறேன். ஓர் அண்ணன், ஒரு தம்பி. இருவருக்கும் ஒரே கிணறு..."

அதே கதை. அதே வார்த்தைகள். கயிறு அறுகிற இடத்தில் குரல் தழுதழுத்ததுகூட அப்படியே. மூன்று நிமிடம்.

அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"ரெண்டு தடவை சொன்னேனா?" பேராசிரியரின் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு ஞாபகமே இல்லையே. எத்தனை நாளா இப்படி?"

"எப்பவாவதுதான் சார். எல்லாருக்கும் வர்றதுதான்."

"அதுக்காக நீங்க ஏன் உங்க மேல பழியைப் போட்டுக்கிட்டீங்க?"

"வயலின் பிடிக்கும்கறதும் நெசம்தான் சார்."

பேராசிரியர் கையை நீட்டினார். "அந்தக் கடிதத்தைக் கொடுங்க ஃபாதர். கிழிச்சிடறேன்."

பாதிரியார் தயங்கினார். மேசை இழுப்பறையைத் திறந்து இன்னும் இரண்டு தாள்களை எடுத்து, இன்றைய கடிதத்தோடு சேர்த்து வைத்தார். மூன்றிலும் ஒரே வரிகள். அடியில் பேராசிரியரின் கையெழுத்து. ஒன்றில் போன மாதத் தேதி, இன்னொன்றில் அதற்கு முந்தைய மாதத் தேதி.

"இதையும் கிழிச்சிடுங்க ஐயா. அந்த ரெண்டு தடவையும் இதே நாற்காலியில உட்கார்ந்துதான் அவர் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டார்."