பழனியப்பன் வீட்டுக் கூரை

"தங்கச்சி, மேஸ்திரி எந்திரிச்சாரா? என் வீட்டுக் கூரை ஒழுகுது."

வாசலில் குடையை மடக்கிக்கொண்டே பழனியப்பன் கேட்டார். ருக்குமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து ஜெலுத்தோங் வரை வருகிற மனுஷருக்கு, வழியில் வேறு ஓடு மாற்றுகிறவனே கிடைக்கவில்லையா?

"எந்திரிக்கலண்ணே. நேத்து மாதிரியே சுவத்தப் பாத்துப் படுத்திருக்காரு. நீங்க வேற ஆளப் பாருங்களேன்."

"வேற ஆளு சரிப்பட்டு வராது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

உள்ளே போய், பாயில் கிடந்த அவள் புருஷன் பிச்சைமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முன்பின் பழக்கமில்லாத மனுஷர். மழை தொடங்கியதிலிருந்து இதே கூத்துதான். வருவார், கூரை ஒழுகுது என்பார், உட்காருவார், போவார்.

போன மாசியில் பிச்சைமுத்து இப்படியா இருந்தார்? தூக்கம் கிடையாது. ஓயாத பாட்டு. யாரும் கேட்காமலே தெரு முழுக்க ஓட்டைப் பிரித்துப் போட்டார். பினாங்குத் தீவுக்கே புது ஓடு போடப் போவதாகச் சொன்னார். போட்டிருந்த சட்டையைக் கழற்றி ரிக்‌ஷாக்காரனுக்குக் கொடுத்தார். தெருவே கைகொட்டிச் சிரித்தது. பிரித்த வீடுகளுக்குள் மழை பெய்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தியது.

பிறகு தானாக அடங்கினார். ஐப்பசியில் படுத்தவர்தான். கல்யாணமான நாளிலிருந்து இரண்டும் மாறி மாறி வருகிறது. ருக்குமணி தாயத்துக் கட்டிப் பார்த்தாள், கழிப்புக் கழித்துப் பார்த்தாள். தாயத்துதான் கறுத்துப் போனது.

தெருக்காரர்கள் வந்தார்கள். "தைரியமா இரு மேஸ்திரி," "ஆம்பள இப்படிப் படுக்கலாமா?", "பொண்டாட்டி முகத்தப் பாரு" என்று ஆளுக்கொன்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் பிச்சைமுத்து சுவரை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படுத்தார். ஓடு ஏற்றும் கயிற்றை ருக்குமணி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

செட்டியார்களின் கிட்டங்கிகளுக்குக் காய்கறி போடும் தம்பி அர்ஜுனன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, போற எடமெல்லாம் மாமா கதையச் சொல்லி யோசனை கேட்டுட்டேன். தைப்பூசம் வரைக்கும் பாப்போம். அப்புறம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் லா."

"உன் வாயில நல்லதே வராதாடா?" என்று ருக்குமணி கூடையைத் தள்ளிவிட்டாள். ஆனால் அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

பழனியப்பன் மட்டும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மேஸ்திரி, நேத்து மழைக்கு அடுப்புக்கு நேரா சொட்டுச்சு. சட்டி வச்சிருக்கேன். அவசரமில்ல. சட்டி இன்னும் நிறையல."

இன்னொரு நாள், "எந்திரிச்சதும் மொதல்ல என் வீடு. அது மட்டுந்தான். தெரு முழுக்க ஏறக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

ருக்குமணிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, மனுஷன் இப்படிக் கெடக்குறாரு, ஒங்களுக்குக் கூரைதான் பெருசாப் போச்சா?"

"பின்ன? ஒழுகுறது என் வீடாச்சே."

மார்கழியில் ஒரு நாள், சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எந்த ஓடு?"

பழனியப்பன் திரும்பிப் பார்த்தார்.

"சீன ஓடா, மங்களூர் ஓடா?" என்றார் பிச்சைமுத்து.

பழனியப்பன் சற்று யோசித்தார். "மேல ஏறிப் பாத்தாத்தானே தெரியும்?"

அடுப்படியில் ருக்குமணி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு பிச்சைமுத்து குளித்தார். கஞ்சி குடித்தார். வாசல் வரை நடந்தார். பழனியப்பன்தான் வருவதை நிறுத்திவிட்டார். தைப்பூசம் நெருங்கியபோது பிச்சைமுத்து ஏணியைத் தோளில் எடுத்தார்.

"ருக்கு, கயிறு எங்க? அந்த மனுஷன் வீடு ஒழுகுது."

ருக்குமணி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். தனியாக விட மனமில்லாமல் அவளும் கிளம்பினாள். டிராம்காரன் ஏணியை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். நடந்தே போனார்கள்.

பினாங்கு ஸ்திரீட்டில் பெயரைச் சொன்னதும் ஒரு கிட்டங்கியைக் காட்டினார்கள். செட்டியார்கள் பலர் சேர்ந்து தொழில் செய்து அங்கேயே தங்கும் நீளமான கட்டடம். வாசல் காவல்காரர் ஏணியை மேலும் கீழும் பார்த்தார்.

"பழனியப்பனுக்கு ஏது வீடு? அவரு இங்க சமையக்காரரு. அடுப்படியிலதான் படுக்கை. இந்தக் கூரை போன வருஷந்தான் மாத்தினது, ஒரு சொட்டு ஒழுகாது."

ருக்குமணி மெதுவாகக் கேட்டாள்: "அர்ஜுனன் காய்கறி போடுற எடமா இது?"

"ஆமா. இப்ப வாங்கத்தான் ஆளில்ல. மார்கழிக் கடைசியில பழனியப்பன் சுவத்தப் பாத்துப் படுத்துட்டாரு. அவருக்கு அப்பப்ப இப்படி வரும். நாங்களும் தைரியம் சொல்லாத நாளில்ல. மொதலாளி ஊருக்கே அனுப்பிடலாங்கிறாரு."

பிச்சைமுத்து ஏணியைச் சுவரில் சாய்த்தார். உள்ளே போய்ப் பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணே, எங்க பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். சமையல் நீங்கதான். அவசரமில்ல."

வாசற்படியில் நின்ற ருக்குமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்குப் பிள்ளையே கிடையாது.

"ஆமாண்ணே," என்று அவளும் வந்து உட்கார்ந்தாள். "பாயசம் மட்டும் ரெண்டு வகை வேணும்."