கூடம் மாறியவன்

"செருப்பைக் கழட்டிட்டு வா, வாத்தியாரே. எங்க கோதாவும் கோதாதான்."

சிட்டிபாபு சொன்ன பிறகுதான் துரைக்கண்ணு குனிந்து பார்த்தார். குஸ்தி மண்ணில் ஒரு கால் ஏறிவிட்டிருந்தது. வேறு எவனாவது அவர் கூடத்தில் இப்படிச் செய்திருந்தால் அங்கேயே முட்டியைப் பெயர்த்திருப்பார். செருப்பை உதறிவிட்டு நிமிர்ந்தார். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"உன்கிட்ட பேச வரல நான். அவன்கிட்ட பேசணும்."

அவன் என்றது பழனியை. கோதா மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். முழங்கை வரை அரக்கு நிறம் ஏறிய கைகள். பிள்ளையார்பாளையத்தில் துரைக்கண்ணுவின் கூடத்தில் குஸ்தி பழகி, காஞ்சிபுரம் முழுக்கப் பேர் எடுத்தவன். போன மாதம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி, சின்ன காஞ்சிபுரத்தில் சிட்டிபாபு நடத்தும் இந்தக் கூடத்தில் சேர்ந்துவிட்டான். காணும் பொங்கல் குஸ்தி நெருங்கிக்கொண்டிருந்தது.

"வணக்கம் வாத்தியாரே."

"அந்த வார்த்தை இனிமே உன் வாயில வரக் கூடாது. உன் பொண்டாட்டி அம்சா பிரசவத்துல கெடந்தப்போ, ரத்தம் குடுக்க ஆஸ்பத்திரி வாசல்ல வரிசையா வந்து நின்னது யாரு? இதோ, இவங்களா?"

"நம்ம கூடத்து ஆளுங்கதான்."

"நம்ம கூடமா? சொல்றதுக்கு நாக்கு கூசல?"

பழனி தலையைக் குனிந்துகொண்டான். அது துரைக்கண்ணுவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எதிர்த்துப் பேசினால் அறையவாவது செய்யலாம்.

"கட்சி மாறறவன்கூட மேடை ஏறி ஏதோ ஒரு காரணம் சொல்றான்பா. நீ இன்னா சொன்ன? காலையில வந்து பார்க்கறேன், ஆணியில உன் லங்கோடு இல்ல. அவ்ளோதான். நான் இன்னா கொறை வெச்சேன் உனக்கு? பாதாம் அரைச்சா என் பிள்ளைக்கு ஒரு டம்ளர், உனக்கு ஒரு டம்ளர். பேதம் பார்த்தேனா?"

"இல்ல வாத்தியாரே. கொறை ஒண்ணும் இல்ல."

"கொறை இல்லாமலா பொங்கலுக்குப் பொங்கல் உன் பிள்ளைகிட்ட மல்லாந்தான்?" என்றார் சிட்டிபாபு.

துரைக்கண்ணு பழனியை முறைத்தார். "அதையும் இங்க வந்து உளறிட்டியா?"

"நான் சொல்லல வாத்தியாரே. சத்தியமா."

"வேற யாரு சொல்லுவாங்க? ஆமா, விழச் சொன்னது நான்தான். அதுல இன்னா தப்பு? கடைசி ஜோடி ரெண்டுமே என் ஆளுங்க. எவன் ஜெயிச்சாலும் பேரு கூடத்துக்குத்தான். எனக்கப்புறம் கூடத்தை நடத்தப் போறவன் என் பிள்ளை சம்பந்தம். அவனுக்கு ஊர்ல ஒரு மதிப்பு வேணும். விட்டுக்குடுன்னு கேட்டேன், குடுத்தான். அதுக்குப் பேருதான் விசுவாசம். உனக்கு அது புரியாது சிட்டிபாபு."

சிட்டிபாபு தூணில் சாய்ந்து நின்றார்.

துரைக்கண்ணு பழனியின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "சரி, போனது போகட்டும். இங்கயே இரு, நான் கூப்பிடல. காணும் பொங்கல் அன்னிக்கு சம்பந்தத்தோட உனக்கு ஜோடி விழுந்தா, எப்பவும் போல பண்ணிடு. எங்க உப்பைத் தின்னதுக்கு அந்த ஒண்ணு போதும்."

"இல்ல வாத்தியாரே. இந்தத் தபா முடியாது."

இத்தனை வருஷத்தில் பழனி அவரிடம் 'முடியாது' என்று சொன்னதே இல்லை. துரைக்கண்ணுவின் மீசை துடித்தது.

"முடியாதா? யாருகிட்ட சொல்ற நீ? நான் பெத்தது ஒண்ணு, வளர்த்தது ஒண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்டா. என்னை விடு. அந்தப் பையனை நெனச்சுப் பார்த்தியா? உன்னைக் கூடப் பொறந்தவனா நெனச்சான். நீ போனதுலேருந்து என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. சோத்தைப் போட்டா தட்டைத் தூக்கிக்கினு வேற பக்கம் போயிடறான். பொழுது விடிஞ்சா வெறி புடிச்சவன் மாதிரி தண்டால் எடுக்கறான். கூட்டாளியே முதுவுல குத்திட்டானேன்னு உள்ளுக்குள்ள வெந்துக்கினு இருக்குது என் பிள்ளை. அவன் மூஞ்சியில எப்படிடா முழிப்ப?"

பழனியின் கண்கள் கலங்கின.

"சொல்லிடு பழனி," என்றார் சிட்டிபாபு.

"வேணாண்ணா. வாக்கு குடுத்திருக்கேன்."

"நீ குடுத்த. நான் குடுக்கல." தூணை விட்டு விலகி, துரைக்கண்ணுவின் எதிரில் வந்து நின்றார் சிட்டிபாபு. "போன பொங்கல்ல இவன் பிடியை விட்டது வேடிக்கை பார்த்த ஜனத்துக்குத் தெரியல வாத்தியாரே. பிடிக்குள்ள இருந்தவனுக்குமா தெரியாது? இவனை இங்க கூட்டிக்கினு வந்து சேர்த்ததே உன் பிள்ளைதான். 'அங்க இருந்தா இவன் எங்கப்பா பேச்சைத் தட்ட மாட்டான், நீங்க வெச்சுக்குங்கண்ணா, நான் ஒரு தபாவாவது நெசமா தோத்துப் பார்க்கணும்'னு இதே எடத்துல நின்னு அழுதான்."